அருள்நாயகத்தின் பாணி

கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ரிச்மண்ட் ஹில் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, கோட்டில் கூண்டிலேற்றிக் கேட்டாலும் சரி, இதே சொற்கள்தான் இதே ஒழுங்கில் வரும். லீற்றர் கணக்குக்கூடக் கூட்டிச் சொல்லப்படவில்லை. ஓரிரண்டு இடத்தில் கேட்பவர்களின் வசதிக்காகச் சற்றுக் குறைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கனடாவில், ஸ்காபரோவின் ரூஜ் பக்கம் இருக்கிற அருள்நாயகம் பதினெட்டு வருடம் வீடு வீடாகப் போய், குசினித் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து, குடிதண்ணீர் மெஷின் பூட்டியவர். சனம் ஆர்.ஓ. என்று சொல்கிற சாமான். பைப் தண்ணீரை அமுக்கத்தோடு ஒரு நுண்ணிய சவ்வுக்குள்ளால் தள்ளும். வெறும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெள்ளைக் குழாயால் வரும். உப்பு, சுண்ணாம்பு, மற்ற அழுக்கெல்லாம் தாண்ட முடியாமல் மிச்சத் தண்ணீரோடு கறுப்புக் குழாயால் போய்விடும். ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு மூன்று பங்கு வெளியே போகும். ஆராவது மாறிக் குடித்துவிடக் கூடாதென்று, பூட்டிய எல்லா வீட்டிலும் கறுப்புக் குழாயில் 'கழிவு' என்று தமிழில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டு வருவார். மார்க்கம் தொடங்கிப் பிக்கரிங் வரை எழுநூற்றுச் சொச்சம் குசினிகளில் அந்த ஸ்ரிக்கர் இன்றைக்கும் இருக்கிறது.

பென்சன் எடுத்து இரண்டாம் வருடம், தை மாதத்தில், ஒரே மகள் நிலாணியின் சம்பந்தம் பேசக் குடும்பமாக மிசிசாகா போனார்கள். நிலாணி தன்னோடு வேலை செய்கிற ராஜீவைக் கட்டப்போகிறாள். பெடியன் நல்லவன், தாய் தகப்பன் தமிழ்நாடு, சென்னைப் பக்கம். தகப்பன் அழகேசன் பெரிய தொழிற்சாலையில் கொதிகலன் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் அம்புஜம் அதிகம் பேசாதவர், ஆனால் பார்ப்பவர். முதல் சந்திப்பிலேயே அழகேசன் தன் மச்சானுக்குக் குடகில் இருக்கிற நாற்பது ஏக்கர் கோப்பித் தோட்டத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மரியாதைக்குக் கேட்டார்.

"சார் இப்ப ரிட்டயர்டு ஆகி என்ன பண்றீங்க?"

"மேப்பிள் செய்யிறன்" என்றார் அருள்நாயகம். பின் வேலியோடு மரங்கள் நிற்பது உண்மை. சாறு எடுக்க அவற்றில் ஒருநாள் துளை போட வேண்டுமென்று நினைத்ததும் உண்மை.

"அட, மேப்பிள் சிரப்பா! எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு."

மரம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். நாற்பது ஏக்கர் கண்ணுக்கு முன்னால் நின்றது. நாக்கு வழுக்கி, "ஏக்கர்" என்று விழுந்தது. பக்கத்தில் இருந்த மனைவி இராஜேஸ்வரி காலை மிதித்தார். மிதி பிந்திவிட்டது.

"சீசன் மார்ச்லதானே? நாங்க வந்து பாக்கலாமா?" என்று கேட்டார் அம்புஜம். அன்று மாலை முழுவதும் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

திரும்பி வருகையில், நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகன நெரிசலில் நிற்கும்போது, இராஜேஸ்வரி தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே? அஞ்சு ஏக்கர் எங்க இருக்கு? எங்கட பேஸ்மென்ற்றுக்குள்ளயோ?"

"வாய் தவறிப் போச்சு."

"உது தவறின வாயில்லை. உது பழகின வாய்."

பின்சீற்றில் இருந்து நிலாணி சொன்னாள். "அப்பா, ஃபைவ் ஏக்கர்ஸ்? சீரியஸ்லி? ராஜீவின்ர அம்மாவுக்குப் பொய் சொன்னாச் சரிவராது. அவனுக்கு முந்திப் பேசின இடத்தில பொம்பிளையின்ர தகப்பன் மகளின்ர வயசில ரெண்டைக் குறைச்சுச் சொன்னவராம். அந்த அம்மாவே போன் எடுத்து நிப்பாட்டினவ. ப்ளீஸ், நீங்களே அவையிட்ட உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

"சொல்லுறன்" என்றார் அருள்நாயகம்.

சொல்லவில்லை. மாசியில் ஒருநாள் போனை எடுத்தார், அழகேசன் அடுத்த பக்கத்தில் "வாங்க எஸ்டேட் ஓனர்" என்று தொடங்கினார், இவர் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மிச்சமிருந்தது ஒரு வழிதான். ஏக்கர் இல்லாவிட்டாலும் மேப்பிள் பாணியாவது இருக்க வேண்டும்.

பங்குனி பிறக்க முன்னமே ஐந்து மரத்திலும் துளை போட்டு வாளி தொங்கவிட்டார். இரவில் உறைந்து பகலில் இளகுகிற நல்ல காலம். சாறு தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொட்டியது. சொட்டியது என்பது குறைத்துச் சொல்வது. மூன்றாவது மரத்தில் துளை போட்டபோது பீறிட்டுக்கொண்டு வந்து அவருடைய தொப்பியைத் தட்டி வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது. ஆறு நாளில் இருநூறு லீற்றர்.

நாற்பது லீற்றர் சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் பாணி. இருநூறு லீற்றரைக் காய்ச்ச விறகும் காணாது, நாளும் காணாது. விருந்தாளிகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், அன்றைக்கு வியாழன். அப்போதுதான் அவர் ஒரு இடத்தில் வாசித்தார். இப்போது பெரிய பண்ணைக்காரர் எல்லாரும் சாற்றை முதலில் ஆர்.ஓ.வில் விட்டுத் தண்ணீரைப் பிரித்தெடுத்துவிட்டு, கால்வாசியாக வற்றியதை மட்டும்தான் காய்ச்சுகிறார்கள். அருள்நாயகம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். கனடா முழுக்கத் தேடினாலும் இந்த வேலைக்கு அவரை விடத் தோதான ஆள் கிடையாது.

வெள்ளி முழுநாளும் பின்வளவுக் கொட்டிலுக்குள் நின்று பழைய சாமான்களை வைத்து மெஷினைப் பூட்டினார். நாலு சவ்வு, ஒரு அமுக்கப் பம்ப், வெள்ளைக் குழாய், கறுப்புக் குழாய். கை தானாக ஓடியது. கடைசியில், வழக்கம்போல, கறுப்புக் குழாயில் ஸ்ரிக்கரும் ஒட்டினார்.

"இராசேஸ், உந்தக் கழிவுக் குழாயை ஒருக்கா ரோட்டு வடிகான் வரைக்கும் இழுத்து விடும்" என்று சொல்லிவிட்டுப் பம்பைப் போட்டார்.

சனி மத்தியானம் வெள்ளைக் குழாய்க்குக் கீழே இருந்த பெரிய ட்ரம்மைப் பார்த்தார். ஐம்பது லீற்றர். இருநூறில் சரியாகக் கால்வாசி. வாசித்த அதே கணக்கு. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார்.

ஞாயிறு பத்து மணிக்கு அழகேசனும் அம்புஜமும் ராஜீவும் வந்தார்கள். வந்ததும் அழகேசன் ஏக்கரைக் கேட்டார். தோட்டம் வடக்கே பீற்றர்பரோ பக்கம், ரோட்டெல்லாம் பனி, சாறு மட்டும் இங்கே வருகிறது என்று அருள்நாயகம் சொன்னார். சொல்லும்போது இராஜேஸ்வரி பருத்தித்துறை வடைத் தட்டைத் தேவையில்லாத அழுத்தத்தோடு மேசையில் வைத்தார். அம்புஜம் யன்னலடியில் நின்று பின்வளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலாணியும் ராஜீவும் பிக்கரிங்கில் ஓடர் கொடுத்திருந்த இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் எடுக்கப் போனார்கள். அவர்கள் போய்ப் பத்து நிமிடத்தில் உறைமழை தொடங்கியது.

அந்த மழையைப் பற்றிச் சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். விழுகிற துளி விழுந்த இடத்திலேயே கண்ணாடியானது. ஒரு அணில் வேலியில் ஏறி, நிற்க முடியாமல் வழுக்கி, அப்படியே இருந்தபடி மூன்று வீடு தாண்டிப் போனது. ட்ரைவ்வேயில் நின்ற அழகேசனின் கார் ஒரு சத்தமும் இல்லாமல் பின்னால் வழுக்கி, வீதியைக் கடந்து, எதிர்வீட்டு ட்ரைவ்வேயில் போய் ஒழுங்காக நின்றது. அழகேசன் யன்னலால் பார்த்துவிட்டு, "நல்ல பார்க்கிங்" என்றார். பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. கரண்ட் போனதோடு வீட்டுச் சூடும் போனது.

சூடு இருந்த ஒரே இடம் கொட்டில். அங்கே காலையிலிருந்தே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜூலியன் தந்த பழைய வேலிப் பலகைதான் விறகு. புகை தகரக் குழாயாலும் ஆவி கூரையில் வெட்டிய வழியாலும் போயின. அன்னதானத்துக்கு வாங்கிய அகலத் தாச்சியில் கொதி தளதளத்தது. இராஜேஸ்வரி சமையல் கல்லுப்பைக் கோலம் போடுவது மாதிரித் தூவிக்கொண்டு முன்னால் போக, மற்றவர்கள் அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் போனார்கள். நாலு பேரும் உள்ளே போய், குளிர் வராமல் கதவை இறுக்கிச் சாத்தினார்கள்.

"அப்பாடா" என்று வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார் அழகேசன். "இது நம்ம ஊர்ப் பதநி மாதிரிதானே சார்?"

"ஓம். நாங்கள் கருப்பணி எண்டுறது. உதைக் காய்ச்சினாப் பாணி."

"பாணியா?"

"நீங்கள் பாகு எண்டுறியளே, அதுதான். எங்கட ஆக்கள் பாணி எண்டுவினம்."

"ஹிந்தியில பானின்னா தண்ணி சார்" என்று சொல்லி அழகேசன் கொட்டில் அதிரச் சிரித்தார். அருள்நாயகமும் சிரித்தார். அம்புஜம் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, அகப்பையால் தாச்சியிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஊதி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து ஒட்டி எடுத்தார். அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவர்கள் கம்பிப் பதம் பார்க்கிற அதே விதம். விரல்கள் பிரிந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. மறுபடி ஒட்டி எடுத்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"இன்னும் நேரம் ஆகும் போல" என்றார்.

"ஓமோம், ஆறுதலாத்தான் வரும்."

வெப்பமானி நூறில் நின்றது. நூற்றி நாலுக்கு ஏறினால் பாணி. பன்னிரண்டரைக்கும் நூறு. ஒரு மணிக்கும் நூறு. ட்ரம்மிலிருந்து அருள்நாயகம் ஊற்ற ஊற்றத் தாச்சி குடித்துக்கொண்டே இருந்தது. நிறம் மட்டும் மாறவேயில்லை. தாச்சியின் அடியில் இருந்த கம்பெனி முத்திரையை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம்.

"நூறுலயே நிக்குது பாருங்க, அதான் சார் தரம்" என்றார் அழகேசன். "லேட்டன்ட் ஹீட். வெப்பத்தையெல்லாம் உள்ள வாங்கி வெச்சுக்குது. எங்க பாய்லர்ல இப்படித்தான் நிக்கும் நிக்கும், ஒரே அடியா ஏறும். முப்பத்தொரு வருஷம் பாத்திருக்கேன்."

அருள்நாயகம் தலையாட்டிக்கொண்டே விறகு எடுக்கக் குனிந்தார். குனிந்த இடத்தில் கறுப்புக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. அதில் அவருடைய சொந்தக் கையெழுத்து. கழிவு.

அந்தச் சொல்லை அவர் எழுநூற்றுச் சொச்சம் தரம் எழுதியிருக்கிறார். அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தார்.

சவ்வைத் தாண்டுவது தண்ணீர் மட்டும். உப்பு தாண்டாது. சீனியும் தாண்டாது. குடிக்கத் தண்ணீர் வேண்டுகிறவன் வெள்ளைக் குழாயைப் பிடிக்க வேண்டும், பாணி காய்ச்சுகிறவன் கறுப்பைப் பிடிக்க வேண்டும். அவருடைய கை பதினெட்டு வருடம் பழகியதைச் செய்திருக்கிறது. மரம் ஆறு நாளாகக் கொடுத்த இனிப்பு முழுவதும் ரோட்டுக் கானால் போய்விட்டது. விடிந்ததிலிருந்து அவர் காய்ச்சிக்கொண்டிருப்பது ஸ்காபரோவிலேயே மிகச் சுத்தமான தண்ணீர். கால்வாசிக் கணக்குச் சரியாக வந்ததும் அதனால்தான். ஒன்றுக்கு மூன்று.

நிமிர்ந்தார். ட்ரம்மில் இன்னும் பதினைந்து லீற்றர் கிடக்கும். அது முடியத் தாச்சி வற்றும். வற்றினால் அடியில் ஒன்றும் இருக்காது, ஒரு துளிப் பிசுக்குக்கூட. சம்பந்தம் செய்ய வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க வெறும் தாச்சி நெருப்பில் சிவக்கப் போகிறது. நெருப்பை அணைக்கலாமென்றால் இந்த நாலு பேருக்கும் உள்ள சூடு அது ஒன்றுதான்.

குசினி அலுமாரியில் கடையில் வாங்கிய மேப்பிள் போத்தல் ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. எடுத்து ஜக்கெற்றுக்குள் வைத்துக் கொண்டுவந்தால், எல்லாரும் வேறு பக்கம் பார்க்கிற நேரம்...

"நான் ஒருக்கா வீட்டுப் பக்கம் போட்டு வாறன்."

கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்தார். கதவு வெளியே திறக்கிற கதவு. மழை அதன் மேலால் ஓடி, நிலையோடும் படியோடும் சேர்த்து ஒரே பாளமாக உறைந்துவிட்டது. அழகேசனும் வந்து தோள் கொடுத்தார். கொட்டில் முழுவதும் அசைந்தது, கதவைத் தவிர.

"என்ன, பூட்டுப்பட்டுப் போனமோ?" என்றார் இராஜேஸ்வரி.

"ஐஸ் பிடிச்சிட்டுது."

இராஜேஸ்வரி நிலாணிக்குப் போன் எடுத்தார். "அம்மா, வீ ஆர் ஸ்டக். பிளாசாவில ஒரு காரும் அசையேல்ல. உப்பு லொறி வரும் வரைக்கும் ஒருத்தரையும் விட மாட்டினமாம். அப்பா பாணி காய்ச்சிட்டாரோ?"

"காய்ச்சிக்கொண்டே இருக்கிறார் பிள்ளை."

மணி மூன்று. கூரை வழியை ஐஸ் அடைத்ததில் ஆவி போக இடமில்லாமல் திரும்பி வந்து, கொட்டிலுக்குள்ளேயே மெல்லிய பனியாகத் தூவியது. அழகேசனின் மீசை வெள்ளையாகிவிட்டது. அவர் லேட்டன்ட் ஹீட்டிலிருந்து குடகுக்கு மாறி, குடகிலிருந்து மறுபடியும் ஐந்து ஏக்கருக்கு வந்தார். மண் எப்படி, வேலையாட்கள் எத்தனை பேர், வேலி உண்டா. அருள்நாயகம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலும் கொட்டிலின் நாலு சுவரையும் ஒவ்வொரு சாண் உள்ளே தள்ளியது. வேலையாட்களில் ஒருவருக்கு அவர் சீமோன் என்று பேர்கூட வைக்க வேண்டி வந்தது. சீமோனுக்கு நாரி நோ, குனிந்தால் நிமிர ஏலாது என்றும் சொன்னார். ட்ரம் முடிந்தது. தாச்சியில் நாலு விரல் உயரம் தளதளத்தது.

அப்போது அம்புஜம் பேசினார்.

"சார், அந்தத் தண்ணிய மொண்டு கதவு ஓரமா ஊத்துங்களேன். ஐஸ் விட்ரும்."

எந்தத் தண்ணி என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஏம்மா, அது பாகும்மா" என்றார் அழகேசன்.

"பாகா? பன்னெண்டு மணிக்கே தொட்டுப் பாத்துட்டேன். எங்க வேளச்சேரி வீட்ல ஏழு வருஷம் ஆர்.ஓ. இருந்துச்சு. வெள்ளக் குழாய் குடிக்க, கறுப்புக் குழாய் பாத்திரம் கழுவ. உப்பெல்லாம் கறுப்புல போனா இனிப்பு மட்டும் வெள்ளையில வருமா?"

"பிறகேன் அக்கா அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டார் இராஜேஸ்வரி.

"அவரே சொல்லுவாருன்னு பாத்தேன்."

அருள்நாயகம் அகப்பையைப் பிடித்தபடி நின்றார். கதவு இல்லை. யன்னல் ஒரு சாண் அகலம். போக ஓரிடமும் இல்லாத மனுசன் கடைசியில் வாயைத் திறந்தார்.

"நான் குழாயை மாத்திப் பிடிச்சிட்டன். பாணி இல்லை, தண்ணிதான். தோட்டமும் இல்லையம்மா. சீமோனும் இல்லை. பின்வேலியோட நிக்கிற அஞ்சு மரம்தான் எனக்கு உள்ளது. மரம் எண்டு சொல்லத்தான் வெளிக்கிட்டனான். பிள்ளைக்கு உதில ஒரு பங்குமில்லை. அவள் தையிலயே சொல்லச் சொன்னவள்."

"சீமோனும் இல்லையா?" என்றார் அழகேசன். அவர் அந்த நாரி நோவுக்கு ஒரு எண்ணெய் சொல்வதாக இருந்தார்.

"ஏக்கர் இல்லன்னு வந்தவுடனே தெரியும்" என்றார் அம்புஜம். "ஜன்னல்ல நின்னு வாளிய எண்ணினேன். அஞ்சு. சரி, ஊத்துங்க. ஆறிடப் போகுது."

ஊற்றினார்கள். அகப்பை அகப்பையாகக் கதவின் விளிம்பெல்லாம் ஊற்றினார்கள். கலப்படமில்லாத கொதிதண்ணீர் இடுக்கால் ஓடி வெளியே போய்ச் சீறியது. தாச்சி காலியாகிற கடைசி அகப்பையோடு பாளம் விட்டு, கதவு அழகேசனின் தோளோடு சேர்த்துத் திறந்தது. அவர் படியில் விழுந்து, இருந்தபடியே வேலி வரைக்கும் வழுக்கிப் போய் நின்றார்.

போய் நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டார். "சார், இங்க ஒரு மிருகம் உக்காந்திருக்கு."

கொட்டிலுக்குப் பின்னால் குப்பைக்காரர் எடுக்கிற பெரிய நீலத் தொட்டி நின்றது. மூடி திறந்து கிடந்தது. உள்ளே உறைந்திருந்த ஐஸுக்கு மேலே, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட ஒரு றக்கூன் இருந்து, முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, ஐஸை நக்கிக்கொண்டிருந்தது. ஆட்களைப் பார்த்தும் ஓடவில்லை. அவ்வளவு அவசரப்பட அதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. கறுப்புக் குழாயின் நுனி அந்தத் தொட்டிக்குள் இருந்தது.

அருள்நாயகம் மனைவியைப் பார்த்தார். "இராசேஸ், கானுக்கு இழுத்து விடச் சொன்னனான் எல்லே?"

"கானுக்கு விட்டா நடைபாதையில ஐஸ் கட்டும். போன வருசமே ஜூலியன் விழுந்தெழும்பிச் சண்டைக்கு வந்தவன். நான்தான் புளூ பின்னைக் கழுவிப்போட்டு உதுக்குள்ள விட்டனான். கழிவுதானே எண்டு."

இரண்டு இரவுக் குளிரில் தொட்டி மேலிருந்து உறைந்திருந்தது. தண்ணீர் முதலில் உறையும், இனிப்பு கடைசி வரைக்கும் உறையாமல் கீழே இறங்கும். இதை அழகேசன் அந்த இடத்திலேயே விளக்கினார், இந்த முறை சரியாக விளக்கினார். றக்கூனைத் தும்புத்தடியால் வழியனுப்பி, ஐஸ் பாளத்தைப் புரட்டி எடுத்தபோது அடியில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு பதினெட்டு லீற்றர் கிடந்தது. அம்புஜம் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். மறுபடியும் விட்டு நக்கினார்.

"அந்தச் சீவன் வாய் வைச்சதெல்லே?" என்று இராஜேஸ்வரி மெதுவாகக் கேட்டார்.

"மேல தான வெச்சுது. காய்ச்சினா சரியாப் போகும். இவருக்கு மட்டும் ஞாபகப்படுத்தாதீங்க" என்றார் அம்புஜம். அழகேசன் அப்போது றக்கூன் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெப்பமானி நூற்றி ஒன்று, நூற்றி இரண்டு என்று ஏறும்போது நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். நூற்றி நாலு வந்ததும் அம்புஜம் விரல்களை ஒட்டி எடுத்தார். நடுவில் ஒரு கம்பி நின்றது. அறுந்துவிடாமல் நின்றது. பொழுதுபடுகிற நேரம் உப்பு லொறி வந்துபோய், நிலாணியும் ராஜீவும் ஆறிப்போன இடியப்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். ஆட்டிறைச்சிக் கறியை ஒருவரும் தொடவில்லை. இடியப்பத்தில் சூட்டுப் பாணியை விட்டு, வாளிகளின் மேல் இருந்து சாப்பிட்டார்கள். நிலாணி தாயின் முகத்தைப் பார்த்தாள், தகப்பனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அம்புஜத்தின் தட்டைப் பார்த்தாள். மூன்றாம் தரம் பாணி விடப்பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் தானும் ஒரு வாய் வைத்தாள்.

எதிர்வீட்டு ட்ரைவ்வேயில் காரில் ஏறி இருந்துகொண்டு அம்புஜம் கண்ணாடியை இறக்கினார்.

"அந்தக் கறுப்புக் குழாய்க்கு அடுத்த வருஷமாவது வேற பேரு எழுதுங்க, சம்பந்தி."

காலையிலிருந்து சார், சார் என்று கூப்பிட்டவர். கார் வளைவில் திரும்பி மறையும் வரை அருள்நாயகம் வீதி நடுவில், அந்தக் கண்ணாடித் தரையில், வழுக்காமல் நின்றார். மறுநாள் காலையில் பழைய ஸ்ரிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, 'பாணி' என்று எழுதி ஒட்டினார்.

அந்த வளவில் பின்வேலியோடு நிற்பவை ஐந்தும் மேப்பிள் அல்ல, கிறிஸ்மஸ் மரத்துக்கு வெட்டுகிற ஸ்புரூஸ் மரங்கள்.